கொல்லைப்புறத்தில் பாறைத் தோட்டம்: கல் பொறுக்குவது முதல் செடி வேர்பிடிப்பது வரை

நல்ல பாறைத் தோட்டத்தின் முன் நிற்கும்போது, இந்தக் கற்களை யார் கொண்டுவந்து போட்டார்கள் என்ற கேள்வியே எழாது. பாறை காலகாலமாக அங்கேயே கிடந்தது, மழையில் மேல்மண் கரைந்து அது தலைநீட்டியது, இடுக்குகளில் செடிகள் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன என்றே தோன்றும். மண்ணைக் குவித்து, ஒரே அளவுக் கற்களைச் சுற்றிலும் குத்திவைத்து, உச்சியில் ஒரு கள்ளியை நட்டால் அந்த உணர்வு வராது. இரண்டுக்கும் ஆகும் உழைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. கல்லை எவ்வளவு ஆழம் புதைக்கிறோம், தண்ணீருக்கு எந்த வழி விடுகிறோம் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. இந்த வழிகாட்டியில் எந்தப் படியைப் பேசினாலும் கடைசியில் அந்த இரண்டில்தான் வந்து நிற்பேன்.

பாறைத் தோட்டம் என்ற பெயருக்குள் பல மரபுகள் உண்டு. ஜப்பானின் கியோட்டோவில் உள்ள ரியோஆன்ஜி கோயிலில், வாரிவிடப்பட்ட வெண்சரளையின் நடுவே 15 கற்கள் மட்டும் நிற்கின்றன. கற்களின் அடியில் படர்ந்த பாசியைத் தவிர வேறு பசுமை இல்லை. லண்டனின் செல்சி மருந்துச்செடித் தோட்டத்தில் 1773இல் அமைத்த பாறைக் குவியலில் ஐஸ்லாந்திலிருந்து கப்பலில் வந்த எரிமலைக் கற்கள் இருக்கின்றன. செடி வளர்க்கவென்றே கட்டியது அது. இங்கே நாம் கட்டப்போவது இந்த இரண்டாம் வகை: பாறையும் செடியும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் தோட்டம்.

இடத்தைப் பார்ப்பது

கடப்பாரையைத் தொடுமுன் ஒரு முழு நாளை இடத்தைப் பார்ப்பதற்குக் கொடுங்கள். காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி என மூன்று வேளையும் நிழல் விழும் எல்லையில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். பாறை இடுக்குகளை விரும்பும் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். பெரிய மரத்தின் கீழே அமைக்கவே கூடாது. நிழல் ஒரு காரணம்தான். இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் நீரும், சரளையில் விழுந்து மட்கும் சருகும், அடியில் நுழையும் வேர்களும் அதைவிடப் பெரிய தொல்லை.

இயற்கையான சரிவு இருந்தால் பாதி வேலை முடிந்தது. சமதளமாக இருந்தாலும் கவலையில்லை, மேடு எழுப்பிக்கொள்ளலாம். ஆனால் வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணைக் குவிக்காதீர்கள். சுவரில் ஈரம் ஏறும். குறைந்தது 2 அடி இடைவெளி இருக்கட்டும். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி ஆகியவை எங்கே போகின்றன என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 100 கிலோ கல்லை உட்கார வைத்த பிறகு அதற்கடியில் குழாய் வெடித்தால் தோட்டத்தையே பிரிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, தோட்டத்தை நீங்கள் எங்கிருந்து அதிகம் பார்ப்பீர்கள்? சமையலறை ஜன்னலிலிருந்தா, திண்ணையிலிருந்தா? அந்த இடத்தை நினைவில் வையுங்கள். கற்களின் முகம் அந்தப் பக்கம் பார்த்துத்தான் அமைய வேண்டும்.

அடுத்தது வடிகால் சோதனை. ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி தோண்டி, நீர் நிரப்பி வடிய விடுங்கள். மண் நனைந்தபின் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். 3 முதல் 5 செ.மீ. வரை இறங்கினால் நல்லது. 2 செ.மீ. கூட இறங்கவில்லையென்றால் அது களிமண். அந்த இடத்தைக் கைவிட வேண்டியதில்லை. கட்டும் முறைதான் மாற வேண்டும்.

குழி வேண்டாம், மேடு போதும்

முதல்முறை நான் செய்த தவறு இது. களிமண் தரையில் 2 அடி ஆழம் வெட்டி, அடியில் ஜல்லி பரப்பி, மேலே நல்ல மண் கலவையை நிரப்பினேன். அடியில் ஜல்லி இருக்கிறதே, நீர் தானாக வடிந்துவிடும் என்று நம்பினேன். வறண்ட மாதங்களில் செடிகள் அருமையாக நின்றன. பிறகு மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் எச்சிவேரியா என்ற சதைப்பற்றுச் செடியின் அடி இலைகள் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிறத்துக்கு மாறியிருந்தன. விரலால் தொட்டதும் இலை கழன்று கையோடு வந்தது. தண்டு கறுத்து, கொழகொழவென்று இருந்தது. ஓரத்தில் தோண்டிப் பார்த்தால் ஜல்லிக்குள் நீர் தேங்கி நின்றது.

காரணம் எளிது. களிமண்ணில் வெட்டிய குழி, ஓட்டையில்லாத தொட்டி. சுற்றியிருக்கும் நிலத்து நீரெல்லாம் அதற்குள் வந்து சேரும். வெளியே போக வழி கிடையாது. போதாக்குறைக்கு, நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. மேல்மண் முழுக்க ஊறித் ததும்பிய பிறகுதான் இறங்கத் தொடங்கும். அடியில் ஜல்லி போட்டால் வடிகால் சரியாகிவிடும் என்பது பரவலாக இருக்கும் நம்பிக்கை. நீர் வெளியேற ஒரு பக்கம் திறந்திருந்தால்தான் அந்த ஜல்லிக்குப் பயன் உண்டு.

ஆகவே தரைக்குமேல் கட்டுங்கள். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் தொடக்கத்துக்குத் தாராளம். நடுவில் ஒன்றரை முதல் 2 அடி உயரம், ஓரங்களில் தரையோடு கரையும் சரிவு. சராசரி உயரத்தை 30 செ.மீ. என்று வைத்தால் 1.8 கன மீட்டர் நிரப்பு தேவை. உச்சி நட்டநடுவில் இருக்க வேண்டாம். ஒரு பக்கம் தள்ளி இருக்கட்டும், சரிவு ஒருபுறம் செங்குத்தாகவும் மறுபுறம் நீண்டு தாழ்ந்தும் போகட்டும். இயற்கையில் எந்த மேடும் கவிழ்த்த கிண்ணம்போல் இருப்பதில்லை.

மேடு எழுப்புமுன் களையை அடியோடு ஒழித்தாக வேண்டும். இதில் அவசரப்பட்டால் பின்னர் வருடக்கணக்கில் வருந்த நேரிடும். கோரையும் அருகும் கல்லுக்கடியில் ஒளிந்துகொண்டால் மேலே கிள்ளக் கிள்ள முளைத்துக்கொண்டே இருக்கும். கோரையின் கிழங்கை விரலால் மண்ணைக் கிளறித் தேடி எடுக்க வேண்டும். இழுத்தால் தாள் மட்டும்தான் வரும். வெயில் காலமாக இருந்தால், மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடி, ஓரங்களில் மண் அணைத்து 4 முதல் 6 வாரம் விடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் மேல்மண்ணின் களை விதைகள் பெரும்பாலும் செத்துவிடும். ஆழத்தில் கிடக்கும் கிழங்குக்கு மட்டும் கைதான் மருந்து.

களைத்தடுப்புத் துணியை விரித்து அதன்மேல் தோட்டம் போடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளடைவில் துணியின்மேல் தூசியும் சருகும் படிந்து மண்ணாகி, களை அதிலேயே முளைக்கும். துணிக்குள் ஊடுருவிய வேரைப் பிடுங்குவது வெறும் மண்ணில் பிடுங்குவதைவிடக் கடினம்.

கல் தேர்வு

ஒரே வகைக் கல். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கருங்கல் என்றால் எல்லாமே கருங்கல், மணற்கல் என்றால் எல்லாமே மணற்கல். நாலு நிறத்தில் நாலு வகையைக் கலந்தால், கட்டட வேலை முடிந்து மிஞ்சிய குவியல் போலத்தான் தெரியும். அளவில் மட்டும் எவ்வளவு வேறுபாடு இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது.

சுண்ணாம்புக்கல் பார்க்க அழகு, ஆனால் மெல்லக் கரைந்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும்; அமில மண் கேட்கும் செடிகளுக்கு ஆகாது. கருங்கல் எந்தச் செடியையும் தொந்தரவு செய்யாது, ஆனால் வெயிலில் சூடேறி இரவுவரை வெப்பத்தைப் பிடித்துவைத்திருக்கும். மணற்கல் ஈரத்தை உறிஞ்சிவைப்பதால் அதில் பாசி சீக்கிரம் பிடிக்கும். உங்கள் பகுதியில் எந்தக் கல் இயல்பாகக் கிடைக்கிறதோ அதுவே சிறந்த தேர்வு. சுற்றியுள்ள நிலத்தோடு அது சண்டையிடாது. ஆற்றுப் படுகையிலிருந்தும் மலைச்சரிவிலிருந்தும் கல்லைப் பெயர்த்து வர வேண்டாம். அந்தக் கல்லுக்கடியில் வாழும் உயிர்கள் ஏராளம். கல்குவாரிகளில் கட்டடத்துக்கு ஆகாதென்று ஒதுக்கிய கோணல்மாணலான கற்கள் கிடைக்கும். நமக்கு வேண்டியதும் அவைதான்.

வாங்குமுன் எடையைக் கணக்கிடுங்கள். கருங்கல்லின் எடை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,650 கிலோ. 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள கல்லைச் சதுரமாகச் செதுக்கியிருந்தால் 190 கிலோ. முனைகள் உருண்டு, ஒழுங்கற்று இருப்பதால் 120, 130 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பார்வைக்கு அது பெரிய கல்லே அல்ல! நான் சொன்ன அளவுள்ள மேட்டுக்கு இப்படி ஒரு தலைக்கல், அதில் பாதி எடையில் மூன்று நான்கு கற்கள், ஒருவர் தூக்கக்கூடிய சிறு கற்கள் பத்துப் பதினைந்து, அவற்றோடு அதே கல்லின் உடைசல் சில கூடைகள் இருந்தால் போதும். தலையளவுக் கற்கள் ஐம்பது வாங்குவதைவிடப் பெரிய கல் மூன்று வாங்குவது மேல்.

தட்டில் ஒத்திகை

பெரிய கற்களை வைத்தபின் மாற்றுவது பெரும்பாடு. ஒரு சாந்துச் சட்டியிலோ அகன்ற தட்டிலோ ஈர மணலைப் பரப்பி, விரலளவுக் கற்களை வைத்து ஒரு மாலைப்பொழுது விளையாடிப் பாருங்கள். முதலில் கற்களை மணலின்மேல் வெறுமனே வையுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் பாதிவரை அமுக்குங்கள். தட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பாருங்கள். மேலே கிடந்தபோது கூழாங்கல்லாகத் தெரிந்தது, அமுக்கியதும் மலையாகத் தெரியும். அடியில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று கண் தானாகக் கற்பனை செய்துகொள்ளும். கல்லைப் பாதி புதைக்கச் சொன்னால் எல்லோருக்கும் மனம் வராது, காசு கொடுத்து வாங்கியது மண்ணுக்குள் போகிறதே என்று தோன்றும். அந்தத் தயக்கம் இந்தத் தட்டின் முன் போய்விடும்.

கற்களைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று கற்கள் நெருங்கிக் கூட்டமாக நிற்கட்டும், பிறகு வெற்றிடம், அப்பால் தனித்து ஒன்று, அதே பாறையின் தொடர்ச்சி மண்ணுக்கடியில் ஓடி அங்கே தலைகாட்டியதுபோல. கல்லில் அடுக்குக் கோடுகள் இருந்தால் எல்லாக் கற்களிலும் அவை ஒரே திசையில் ஓட வேண்டும். ஒன்றில் படுக்கையாகவும் மற்றொன்றில் செங்குத்தாகவும் இருந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

மண் கலவை

தோட்ட மண் ஒரு பங்கு, நன்கு மட்கிய இலைமட்கு அல்லது மட்கு உரம் ஒரு பங்கு, பருமணலும் 3 முதல் 6 மி.மீ. பொடிஜல்லியும் சேர்ந்து இரண்டு பங்கு. கள்ளி, அடீனியம் போன்றவை நிற்கும் பகுதியில் மட்கைப் பாதியாகக் குறைத்து, அந்த அளவுக்குப் பொடிஜல்லியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடல் மணலில் உப்பு இருக்கும், தொடாதீர்கள். பூச்சு வேலைக்குச் சலித்த மென்மணலும், கல்தூள் நிறைந்த மணலும் நனைந்தால் இறுகிவிடும். ஈரமான கலவையைக் கையில் பிடித்து அமுக்கிவிட்டு விரலால் தட்டுங்கள். உடனே உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டைபோல் பிடித்த வடிவத்திலேயே நின்றால் ஜல்லி போதாது.

மேட்டின் அடிப்பகுதிக்கு இந்தக் கலவையை வீணாக்க வேண்டாம். உடைந்த செங்கல், கல் உடைசல், சரளை மண் ஆகியவற்றைத் தரைக்குமேல் குவித்து, இடைவெளிகளில் மண் இறங்கும்படி நீர்விட்டு மிதித்து இறுக்குங்கள். மேலே 25 முதல் 30 செ.மீ. கலவை இருந்தால் செடிகளுக்குப் போதும்.

கல்லை நகர்த்துவதும் உட்கார வைப்பதும்

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். கனமான ஷூ, தடித்த கையுறை, இரண்டு கடப்பாரை, நாலைந்து இரும்புக் குழாய், அகலமான பலகை இரண்டு. கல்லைத் தூக்காதீர்கள், நெம்புங்கள், உருட்டுங்கள். 150 செ.மீ. கடப்பாரையின் நுனியைக் கல்லுக்கடியில் கொடுத்து, நுனியிலிருந்து 15 செ.மீ. தள்ளி ஒரு முட்டுக்கல் வைத்தால், நீங்கள் கொடுக்கும் விசை ஒன்பது மடங்காகும். 15 கிலோ எடைக்குரிய அழுத்தம் 135 கிலோ கல்லின் ஓரத்தை உயர்த்திவிடும். உயர்ந்ததும் குழாய்களை உள்ளே கொடுத்து, பலகைமேல் உருட்டிக்கொண்டு போகலாம். தூக்கி நிற்கும் கல்லுக்கடியில் கையை மட்டும் விடவே கூடாது. ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் குச்சியால் எடுங்கள்.

கீழிருந்து மேலே கட்டுங்கள், ஆனால் தலைக்கல்லின் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அது பெரும்பாலும் மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு பக்கம் தள்ளி அமைந்தால் அழகு. கல்லை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்து, வெயிலும் மழையும் பட்டு நிறம் மாறிய முகத்தை வெளிப்புறமாக வையுங்கள். புதிதாக உடைந்த பளிச்சென்ற முகம் மண்ணுக்குள் போகட்டும்.

கல்லின் அடி வடிவத்துக்கு ஏற்றபடி மண்ணில் பள்ளம் பறித்து, மூன்றில் ஒரு பங்காவது, முடிந்தால் பாதி, உள்ளே போகும்படி இறக்குங்கள். கல்லின் மிக அகலமான பகுதி மண்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே குறுகிப்போக வேண்டும். பிறகு கல்லைப் பின்புறமாக, அதாவது மேட்டுக்குள் சாய்த்து வையுங்கள். 10 முதல் 15 பாகைச் சாய்வு போதும். முன்னால் சாய்ந்திருந்தால் மழைநீர் கல்லின் முகத்தில் வழிந்து, கீழே உள்ள மண்ணை அரித்துக்கொண்டு போகும். பின்னால் சாய்ந்திருந்தால் அதே நீர் கல்லுக்குப் பின்னே இருக்கும் வேர்களுக்குப் போய்ச் சேரும். பாறைக்குப் பின்னால் நட்ட செடி கோடையில் தாக்குப்பிடிப்பதற்கு இந்தச் சாய்வே முக்கியக் காரணம். சொட்டு நீரும் வீணாகாது, மண்ணும் கரையாது.

சாய்வு சரியானதும் கல்லைச் சுற்றி மண்ணைக் கொட்டி, கடப்பாரையின் மழுங்கிய முனையால் குத்திக் குத்தி இறுக்குங்கள். சும்மா கொட்டிவிட்டுப் போனால் உள்ளே பொந்துகள் நின்றுவிடும். வேர் அந்தக் காற்றில் காயும். தேளும் பாம்பும் குடிவர இடமாகும். பாறைத் தோட்டம் என்றதும் பலர் தயங்குவது இதற்காகத்தான். பொந்தில்லாமல் மண் அடைத்துக் கட்டிய தோட்டத்தில் அவை ஒளிய இடம் குறைவு. கல்மேல் கல்லை வெறுமனே அடுக்கியதில்தான் ஆபத்து அதிகம்.

எந்தக் கல்லையும் ஏறி நின்று பார்க்காமல் அடுத்த கல்லுக்குப் போகாதீர்கள். குதிகாலால் ஓர் ஓரத்தை அழுத்துங்கள், பிறகு மறு ஓரத்தை. இம்மியளவு ஆடினாலும் எடுத்து மறுபடி வையுங்கள். களை பிடுங்கும்போதும் செடி நடும்போதும் இந்தக் கற்களின்மேல்தான் கால் வைப்பீர்கள்.

இரண்டு கற்களுக்கிடையே குறுகலான இடுக்கில் செடி வேண்டுமென்றால் அதை இப்போதே நடுங்கள். ஒரு கல்லை வைத்து, அதன் பக்கத்தில் கலவையை அணைத்து, செடியின் வேரை விசிறிபோல் பரப்பி, மேலே இன்னும் கொஞ்சம் கலவை போட்டு, அடுத்த கல்லை நெருக்கி வைக்க வேண்டும். கல் உட்கார்ந்தபிறகு அந்த இடுக்கில் விரலால் செடியைத் திணித்தால் வேர் கசங்கும், உள்ளே காற்று நிற்கும். பாறைத் தோட்டத்தில் மிக அழகானவை இடுக்குச் செடிகள்தான், அதனால் இந்தப் பொறுமை வீண்போகாது.

எல்லாம் முடிந்ததும் பூவாளியால் நன்றாக நீர் விட்டு, இரண்டு மூன்று வாரம் அப்படியே விடுங்கள். மண் அமுங்கும், அங்கங்கே குழி விழும். அந்தக் குழிகளை நிரப்புங்கள். மிச்சம் இருந்த களையும் இந்த இடைவெளியில் முளைத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

செடிகள்

ஒரு கல்லைச் சுற்றியே நாலு விதமான தட்பவெப்பம் உண்டு. பிற்பகல் வெயில் அறையும் மேற்கு முகத்தில் கற்றாழை, மருள், அகேவ், யூஃபோர்பியா, அடீனியம். காலை வெயில் மட்டும் படும் கிழக்கு முகத்தில் எச்சிவேரியா, ஹவோர்தியா. பெரிய கல்லின் அடியில், நாள் முழுதும் நிழல் விழும் ஈர மூலையில் சிறு பெரணிகள். மேட்டின் அடிவாரத்தில், வழிந்த நீர் வந்து சேரும் இடத்தில் ரெயின் லில்லி. கல்மேல் படரவிடப் பிரண்டை அருமையானது. நாற்கோணத் தண்டு பாறை விளிம்பில் வளைந்து இறங்குவதைப் பார்க்க அலுக்காது. இடைவெளிகளை மேசை ரோஜா வண்ணத்தால் நிரப்பும்.

குளிர்ப் பிரதேசமாக இருந்தால் பட்டியலே வேறு: செம்பர்விவம், டயாந்தஸ், சாக்ஸிஃப்ரேஜ், தரையில் படரும் தைம். செம்பர்விவத்தின் படத்தைப் பார்த்து மயங்கி வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் நடாதீர்கள், அழுகிப்போகும். அதன் இடத்தை அங்கே எச்சிவேரியாவும் ஹவோர்தியாவும் நிரப்பும். உண்ணிச்செடி மலிவாகக் கிடைக்கும், நன்றாகப் பூக்கும். ஆனாலும் வேண்டாம், பறவைகள் விதையைக் கொண்டுபோய்க் காடுகளில் பரப்பும் ஆக்கிரமிப்புச் செடி அது. யூஃபோர்பியாவின் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். குழந்தைகள் ஓடியாடும் ஓரத்தில் அதை வைக்காதீர்கள்.

வகைகளைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று, ஐந்து என்று கூட்டமாக நடுங்கள். நர்சரித் தொட்டியிலிருந்து எடுக்கும் செடியின் வேர்ப்பந்து பெரும்பாலும் தென்னைநார்த் துகளாக இருக்கும். அதை அப்படியே நட்டால் சுற்றியுள்ள சரளை மண் காய்ந்தபிறகும் அந்த உருண்டை மட்டும் ஈரம் பிடித்துக்கொண்டிருக்கும், வேர் வெளியே வரத் தேடாது. பாதியையாவது மெல்ல உதிர்த்துவிட்டு நடுங்கள். கழுத்துப் பகுதி மண்மட்டத்துக்குச் சற்று மேலேயே இருக்கட்டும். கள்ளி வகைகளுக்கு நட்டவுடன் நீர் விடாமல் ஒரு வாரம் பொறுங்கள். அறுந்த வேர்நுனிகள் ஆறிக்கொள்ளும். மற்றவற்றுக்கு உடனே நீர் வேண்டும்.

கடைசியாகச் சரளை. உங்கள் கல்லின் நிறத்திலேயே உள்ள பொடிஜல்லியை 3 முதல் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, செடியின் கழுத்தைச் சுற்றிக் கையால் ஒதுக்கிவிடுங்கள். மழைத்துளி மண்ணைத் தெறிக்கவிடாது, களை முளைப்பது குறையும், இலைகள் ஈர மண்ணில் படாமல் இருக்கும், அடியில் ஈரம் காக்கும். வெள்ளை வெளேரென்ற கூழாங்கல் மட்டும் வேண்டாம்; கண் கூசும், கருங்கல்லின் நடுவே அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

முதல் ஓராண்டு

முதல் இரண்டு மூன்று மாதம், சரளையை விலக்கி விரலைவிட்டுப் பார்த்து, இரண்டு அங்குல ஆழத்தில் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடுங்கள். விடும்போது ஆழமாக நனையும்படி விடுங்கள். தினமும் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். வேர்பிடித்தபின் நீண்ட வறட்சியில் மட்டும் கவனித்தால் போதும். உரம் அதிகம் வேண்டாம். செழிப்பான மண்ணில் இந்தச் செடிகள் குண்டாகத் திரளாமல் நெட்டையாக நீண்டு, தம் எடையிலேயே சரியும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பிடி மட்கு உரம் தாராளம்.

முதல் பெருமழையின்போது குடை பிடித்துக்கொண்டு போய்த் தோட்டத்தின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். நீர் எந்த வழியாக ஓடுகிறது, எந்தக் கல்லின் கீழே மண் கரைகிறது, எங்கே தேங்குகிறது என்பது அந்தப் பத்து நிமிடத்தில் கண்முன் தெரிந்துவிடும். கரையும் இடத்தில் மழை விட்டதும் கையளவுக் கல் ஒன்றைப் பாதி புதைத்து, பின்னால் சாய்த்து வையுங்கள். தேங்கும் இடத்தில் ஓரமண்ணைச் சற்று வெட்டி நீருக்கு வழிவிட்டு, அங்கே அழுகத் தொடங்கிய செடியை மேட்டின் மேல்பகுதிக்கு மாற்றுங்கள்.